தோட்டம் போடுகிற ஊரா இது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருவான்மியூரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மொட்டைமாடியில் இருபது தொட்டிகள் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர்தான். குண்டுமல்லி மூன்று வருடச் செடி, ஆள் உயரம் வளர்ந்து இலை செழித்து நிற்கிறது. ஆனால் கோடையில் நாலு பூ வைப்பதோடு சரி. வாழைப்பழத்தோல் தண்ணீர், வெங்காயத்தோல் தண்ணீர், எப்சம் உப்பு எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். என்ன உரம் போட வேண்டும்? பொங்கலுக்கு வாங்கும் சாமந்தி ஏப்ரலைத் தாண்டுவதில்லை. மாலையில் உட்கார மாடியில் நாற்காலி போட்டோம், கொசு விடுவதில்லை. கொசுவிரட்டிச் செடி என்று விற்கிறார்களே, அது வைத்தால் போகுமா? பெங்களூரில் இருக்கும் என் தங்கை, "வெயிலும் கொடும் வெயிலும் தவிர உங்கள் ஊரில் என்ன பருவம் இருக்கிறது? அது தோட்டம் போடுகிற ஊரா?" என்கிறாள். அவள் சொல்வது சரிதானோ என்று சில நாள் தோன்றுகிறது.

வித்யா

அன்புள்ள வித்யா,

உரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு இலை தள்ளி நிற்கும் செடிக்குப் பசி இல்லை. வாழைப்பழத்தோலை மக்கும் குப்பையில் போடுங்கள். எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்த செடிக்கு மருந்து, மற்ற செடிக்கு வெறும் உப்பு. திருவான்மியூர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு போதாதென்று கடையில் வேறு வாங்கிப் போடுகிறீர்களா?

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் தங்கையின் கேள்விக்காக. இதைச் சென்னைக்காரர்களே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டார்கள். நான்கு பருவப் படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் இங்கே ஒன்றும் தெரியாதுதான். தெருமுனையில் பூக்காரம்மா கூடையைப் பாருங்கள். மார்கழியில் டிசம்பர் பூவும் சாமந்தியும் வருகின்றன, மல்லி மொட்டு சிறுத்து, விலை ஏறி, ஆழாக்கு கேட்டாலே முறைக்கிறார். பங்குனி பிறந்ததும் அதே மல்லி கூடை நிறையக் குவிகிறது. மரங்களையும் பாருங்கள். மழைக்காலத்தில் மரமல்லி இரவில் உதிர்ந்து காலையில் நடைபாதை வெள்ளையாகக் கிடக்கும். மாசி, பங்குனியில் இளஞ்சிவப்பு டபேபுயா. வருடப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ. சித்திரை வெயிலில் சரக்கொன்றை, அதைத் தொட்டு மயில்கொன்றை. இந்த ஊரில் மரங்கள் கொண்டாட்டமாகப் பூப்பது வெயிலில்தான். உங்கள் மல்லியும் அந்தக் கட்சி. அதற்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மே மாதம் 4 வாக்கில் கத்திரி தொடங்கியதும் பச்சை வலை கட்டும்போது கீரைக்கும் கொத்தமல்லிக்கும் கட்டுங்கள், மல்லிக்குக் கட்டாதீர்கள்.

இந்த ஊர்த் தோட்டத்துக்கு வருடம் பிறப்பது மழையோடு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். எட்டொன்பது மாதம் போர் தண்ணீர் ஊற்றி மண்ணில் சேர்த்த உப்பை அந்த மழைதான் கழுவி இறக்குகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அந்த உப்பைச் சொல்கிறேன். இலை ஓரம் கருகுவதும் அதனால்தான். ஆனால் இறங்குவதற்கு வழி வேண்டும். இன்றைக்கே ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்து, அடி ஓட்டையில் குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். வேரும் களிமண்ணும் அடைத்திருக்கும். அடித்தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கொசுக் கேள்விக்கும் பாதிப் பதில் அந்தத் தட்டில் இருக்கிறது, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அங்கேதான். கொசுவிரட்டிச் செடி சும்மா நின்றால் எதையும் விரட்டாது. நாற்காலி பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள், காற்றில் கொசு நிலைகொள்ளாது. கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி இருந்தால் புயல் எச்சரிக்கைக்குக் காத்திராமல் இறக்குங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வேரோடு சாய்த்த மரங்களைப் பார்த்த பிறகும் சுவர் மேல் தொட்டி வைப்பவர்களை என்ன சொல்வது!

இனி மல்லி. "ஆள் உயரம்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அம்மா கோளாறு! மூன்று வருடத்தில் அதன் மேல் ஒரு முறையாவது கத்தரி பட்டதா? படவில்லை என்று கடிதமே சொல்கிறது. மல்லி மொட்டு வைப்பது புதுத் தளிரின் நுனியில். பழைய குச்சி மரமாகிவிட்டால் இலையைத் தாங்குமே ஒழிய, பூ தராது. வெட்டாத செடியில் உயரத்தில் ஏழெட்டு நுனி இருக்கும், வெட்டிய செடியில் முப்பது நாற்பது இருக்கும். நுனி எத்தனையோ பூக்கொத்து அத்தனை. இவ்வளவுதான் கணக்கு, இதற்கு எந்தத் தோல் தண்ணீரும் ஈடாகாது. செடிக்கு வலிக்கும் என்று பாவம் பார்க்கிறவர்கள்தான் இந்த ஊர் மாடிகளில் மல்லியைக் கொடியாக்கி வைத்திருக்கிறார்கள்.

தோட்டக்கலைக்காரர்கள் வயல் மல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தைச் சொல்வார்கள், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டச் சொல்வார்கள். உங்கள் கடிதம் ஐப்பசியில் வந்திருக்கிறது, அவகாசம் இருக்கிறது. சென்னையில் அந்த வாரம் அடைமழையாக இருந்தால் வெட்டாதீர்கள், வெட்டுக்காயம் நனைந்தால் பூஞ்சை இறங்கும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கட்டும், டிசம்பர் பாதி வரை பொறுக்கலாம். கவாத்துக் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, காய்ந்தது, ஈர்க்குச்சி போல் மெலிந்தது, உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். மிச்சமிருக்கும் ஐந்தாறு நல்ல கிளைகளை மண்ணிலிருந்து ஒன்றரை அடியில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். விரல் பருமனுள்ள வெட்டுகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். பிறகு ஒட்டியிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். ஆமாம், எல்லா இலையும்தான். செடி மொட்டைக் குச்சியாக நிற்கும், வீட்டில் திட்டுவார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மண்புழு உரம் இரண்டு மூன்று கை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கை போட்டு மூடுங்கள். தொட்டி 14 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் இப்போதே மாற்றிவிடலாம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) ஒரு பங்கு. கோகோபீட்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த இரண்டு வாரத்தில்தான் பல செடிகள் சாகின்றன. வெட்டியதால் சாவதில்லை, வெட்டிவிட்ட பதற்றத்தில் ஊற்றும் தண்ணீரால் சாகின்றன. இலை இல்லாத செடி எதைக் கொண்டு தண்ணீர் குடிக்கும்? விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வையுங்கள். மூன்று வாரத்துக்குள் கணுக்களில் செம்பச்சையாகத் துளிர் முட்டும், மாசி பங்குனியில் மொட்டு. ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த தளிரை இரண்டு கணு கீழே கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் மறுபடி கொடிதான்.

கோடையில் போர் தண்ணீரால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் இலை மேல் தெளியுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு இல்லை. ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றவே கூடாது, வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் மொட்டு ஈ. அந்த மொட்டுகளைப் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டியிலேயே உதிர விட்டால் அந்த ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த சுற்றுக்கு வரும்.

சாமந்தி குறும்பகல் செடி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். பூ முடிந்ததும் நான்கு அங்குலம் விட்டு வெட்டி, கோடை முழுக்கக் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். உட்காருவதற்காகப் போட்ட மாடி விளக்கை இரவு முழுக்க எரியவிட்டால் அதற்கு இரவு என்பதே இல்லாமல் போகும்.

மல்லியில் வெட்டிய குச்சிகளில், பென்சில் பருமனில் முற்றியும் முற்றாமலும் இருப்பவற்றை எடுத்து ஐந்தாறு அங்குலத் துண்டுகளாக்குங்கள். கீழ் முனையைக் கணுவுக்கு ஒட்டி வெட்டி, இரண்டு கணு புதையும்படி ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது.