முதல் பாகத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

பொன்னியின் செல்வனில் போரும் காதலும் எதிர்பார்த்தீர்கள், முதல் பாகம் முழுக்க ஒட்டுக்கேட்பதும் ஓலை கொண்டுபோவதுமாகவே இருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். எனக்கு அந்த உளவுதான் இந்த நாவலின் உயிர்.

தஞ்சையில் நாயகன் வந்தியத்தேவன் சுந்தர சோழரிடம் "அபாயம்" என்று சொல்லி, கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் மடக்கிக் கேட்டதும் "அபயம் என்றேன்" என்று மாற்றுவானே, அதை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். ஒரே ஒரு நெடில் குறிலாகி அவன் தலையைக் காப்பாற்றுகிறது! ஆழ்வார்க்கடியானையும் வெறும் வம்புச்சண்டைக்காரன் என்று தள்ளிவிடாதீர்கள், அவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன்.

காதல் குறைவு என்பது சரிதான். ஆனால் அரிசிலாற்றங்கரையில் பாடம் செய்த முதலை மேல் வந்தியத்தேவன் வேலை எறிவதும், இளவரசி குந்தவை அதைப் பார்ப்பதும் போதாதா? அப்புறம் அவளுடைய ஓலையைச் சுமந்துதான் இலங்கைக்கே போகிறான். இங்கே காதலும் உளவும் ஒரே ஓலையில் போகின்றன.

இரண்டாம் பாகத்தில் கடல் வரும்வரை படித்துப் பாருங்கள். ஐந்தையும் முடித்த பிறகு சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிப் படியுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். நாவலில் வரும் ரவிதாசன் என்ற பெயரை அதில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.