போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு யூசருக்கு சர்ச் பாத் (டேபிளை எந்த ஸ்கீமாக்களில், அதாவது டேபிள்களைப் பிரித்து வைக்கும் தொகுப்புகளில், எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்) மாற்றினேன், ஆனாலும் டேபிள் கிடைக்கவில்லை. ஏன்?

ரோலின் (லாகின் பெயர் அல்லது குரூப்) அமைப்பை மாற்றும் ஆல்டர் ரோல் கட்டளையைக் கொடுத்த பிறகும் 'அப்படி ஒரு டேபிள் இல்லை' என்று பிழை வருகிறது என்கிறீர்கள். அநேகமாகப் பழைய கனெக்‌ஷனிலேயே இருக்கிறீர்கள். ரோலுக்குக் கொடுத்த சர்ச் பாத் லாகின் ஆகும்போதுதான் எடுத்துக்கொள்ளப்படும். வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள். கனெக்‌ஷன் பூல் (திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இணைப்புகள்) இருந்தால் அதையும் புதுப்பியுங்கள்.

அப்புறம் மேற்கோள் குறியைப் பாருங்கள். உதாரணமாக பில்லிங், பப்ளிக் என்ற இரண்டு ஸ்கீமாக்களின் பெயரையும் ஒரே மேற்கோளுக்குள் போட்டிருந்தால், காற்புள்ளியோடு சேர்ந்து அது ஒரே ஸ்கீமாவின் பெயராகிவிடும். இல்லாத ஸ்கீமாவைப் போஸ்ட்கிரெஸ் பிழை சொல்லாமல் தாண்டிப் போகும். யூசேஜ் அனுமதி (ஸ்கீமாவுக்குள் தேடும் உரிமை) இல்லாத ஸ்கீமாவுக்கும் இதே கதிதான்.

உங்களுக்குப் பிழையாவது வருகிறது, அது நல்லது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பிழையே வரவில்லை. ரிப்போர்ட் எடுக்கும் யூசருக்கு பில்லிங் ஸ்கீமா முதலில் தெரிய வேண்டும் என்று, அவர் சேர்ந்திருந்த குரூப் ரோலுக்கு சர்ச் பாத் வைத்திருந்தார்கள். குரூப்பில் உறுப்பினராக இருந்தால் அனுமதிகள் வந்து சேரும், இந்த அமைப்புகள் சேராது. லாகின் ஆன பிறகு செட் ரோல் கட்டளையால் அந்த குரூப் ரோலுக்கு மாறினாலும் வராது. லாகின் ஆகிற ரோலுக்கு வைத்தது மட்டும்தான் செல்லும்.

ஆகவே அந்த யூசர் வழக்கம்போல் பப்ளிக் ஸ்கீமாவில் தேடினார். யாரோ சோதனைக்குப் போட்டு மறந்த இன்வாய்ஸ் டேபிளின் பழைய நகல் அங்கே இருந்தது. ரிப்போர்ட் ஒழுங்காக ஓடியது, தொகை மட்டும் பழையது. கணக்குப் பிரிவினர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், யாரும் நம்பவில்லை.

அந்த யூசராகவே லாகின் செய்து பிஜி செட்டிங்ஸ் என்ற அமைப்புப் பட்டியலில், சர்ச் பாத்துக்கு நேராக, அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் சோர்ஸ் நெடுவரிசையைப் பார்த்தேன். 'டீஃபால்ட்' என்று இருந்தது. ரோலுக்கு வைத்தது வேலை செய்திருந்தால் அங்கே 'யூசர்' என்று வந்திருக்கும். லாகின் ரோலுக்கே, அந்த டேட்டாபேஸுக்கு மட்டும் என்று இன் டேட்டாபேஸ் சேர்த்து ஆல்டர் ரோல் கொடுத்தேன். டேட்டாபேஸுக்கும் ரோலுக்கும் தனித்தனியாக வைத்ததை எல்லாம் இது மீறி நிற்கும். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

'ஒவ்வொரு குவெரியிலும் ஸ்கீமா பெயரை எழுதினால் போதுமே' என்று சிலர் வருவார்கள். புதிதாக எழுதும் நிரலுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அங்கே குவெரியை எழுதியது ரிப்போர்ட் மென்பொருள், அதில் கை வைக்க முடியாது.

பப்ளிக்கில் யார் வேண்டுமானாலும் டேபிள் போடலாம் என்று இருந்ததும் ஒரு காரணம். 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து புதிய டேட்டாபேஸ்களில் அந்த அனுமதி கிடையாது. பழையதிலிருந்து மேம்படுத்தியிருந்தால் அது அப்படியே இருக்கும், நீங்கள்தான் அதை ரிவோக் கட்டளையால் நீக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த டிக்கெட்டை 'டேட்டாபேஸ் கோளாறு, ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது' என்று எழுதி மூடினார்கள். டேட்டாபேஸ் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. காரணத்தை எழுதி வைக்காமல் ரீஸ்டார்ட் என்று முடிப்பது எனக்கு ஆறவே இல்லை, அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

சரி, உங்கள் யூசராக லாகின் செய்து சோர்ஸில் என்ன வருகிறது, கரன்ட் ஸ்கீமாஸ் ஃபங்ஷன் எந்த ஸ்கீமாக்களைக் காட்டுகிறது, இரண்டையும் கேள்வியில் சேருங்கள்.