கேளுங்கள், சொல்கிறோம்: ஊரை விட்டுப் போகாத நாலு பேர்

கேள்வி: நாங்கள் நாலு பேர் கல்லூரியில் ராக் பேண்ட் வைத்திருக்கிறோம். சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோகாமல் இதில் முன்னுக்கு வரவே முடியாது என்கிறார்கள் சீனியர்கள். சொந்த ஊரிலேயே இருந்து பெரிதாக வந்த குழு உலகத்தில் ஒன்றாவது உண்டா?
– ஒரு மாணவர், திருச்சி

உண்டு. ஆர்.ஈ.எம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி ஏதென்ஸ் என்று ஒரு ஊர். பல்கலைக்கழகத்தைக் கழித்துவிட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் கேட்டிருப்பார்கள். பின்னால் குழுவின் கிட்டார்க்காரரான பீட்டர் பக் அங்கே வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். ஓவியம் படிக்க வந்த, பின்னால் பாடகரான மைக்கேல் ஸ்டைப் அந்தக் கடைக்கு அடிக்கடி வருவார், பக் தனக்கென்று எடுத்து ஒதுக்கி வைத்த தட்டுகளையே கேட்பார். அப்படி ஒட்டிக்கொண்டது நட்பு. பேஸ் கிட்டார் மைக் மில்ஸும் டிரம்ஸ் பில் பெரியும் மேக்கன் என்ற ஊரில் பள்ளிக் காலத்திலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள், படிப்புக்காக ஏதென்ஸ் வந்தவர்கள். பக்கும் ஸ்டைப்பும் வாடகைக்குக் குடியிருந்த இடம் ஒரு கைவிடப்பட்ட தேவாலயம், 1980 ஏப்ரல் 5 அன்று அங்கே நடந்த ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில்தான் நாலு பேரும் முதல்முறை மேடையேறினார்கள். அன்றைக்குக் குழுவுக்குப் பெயர்கூட முடிவாகவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு முன்பே அதே ஊரிலிருந்து பி-52ஸ் என்ற குழு கிளம்பி நியூயார்க் போய்ப் பேர் வாங்கிவிட்டது. ஆகவே உங்கள் சீனியர்கள் சொல்கிற பாதை அப்போதும் கண்ணெதிரே இருந்தது, ஆனால் இவர்கள் போகவில்லை. வாடகை குறைவு, பார்ட்டி நிறைய, மாணவர் கூட்டம் எப்போதும் உண்டு, 40 வாட் கிளப் என்று வாசிக்க ஓர் இடம் (அது முதலில் இருந்த மாடியில் ஒற்றை 40 வாட் பல்பு எரிந்ததால் வந்த பெயர்). போட்டிக்கும் ஆள் இருந்தது: பைலன் என்ற உள்ளூர்க் குழு. 1987-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அட்டையில் ஆர்.ஈ.எம்.மை அமெரிக்காவின் சிறந்த ராக் குழு என்று போட்டபோது, நாங்கள் இல்லை, அது பைலன்தான் என்றார் பெரி.

ஆனால் ஊரை விட்டுக் குடிபோகவில்லை என்றால் ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், தப்பு. ஒரு பழைய வேனில் ஏறித் தென் மாநிலங்கள் முழுக்கச் சுற்றினார்கள், சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 டாலர் என்று கணக்கு. 1981-இல் ஹிப்-டோன் என்ற சின்ன நிறுவனம் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' தட்டை முதலில் 1000 பிரதிகள்தான் போட்டது. பதிவு செய்தது மிட்ச் ஈஸ்டர், அவருடைய ஸ்டூடியோ அப்பா அம்மா வீட்டுக் கார் ஷெட்! கல்லூரி வானொலி நிலையங்கள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டன. பெரிய வானொலிகளில் நுழைய வழியில்லாத குழுக்களுக்கு அன்றைக்கு அதுதான் கதவு. 1983-இல் வந்த 'மர்மர்' ஆல்பத்துக்கு முன்னால், அப்போது அவர்களை எடுத்துக்கொண்டிருந்த ஐ.ஆர்.எஸ். என்ற நிறுவனம் வேறொரு தயாரிப்பாளரை வைத்துப் பார்த்தது. அவர் ஒரே பாட்டைத் தாளக் கருவியோடு எண்ணற்ற முறை வாசிக்கச் சொல்ல, போதும் சாமி என்று மறுபடி ஈஸ்டரிடமே வந்துவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக 'மர்மர்'தான் என்றது, மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஓடிக்கொண்டிருந்த வருடம் அது.

ஆகவே என் பதில்: குடிபோக வேண்டாம், ஆனால் ஒரு வேனும் வாரக் கடைசியில் வெளியூர் போகிற தெம்பும் வேண்டும்.

கேள்வி: ஆர்.ஈ.எம்.மின் பழைய பாடல்களை எத்தனை முறை கேட்டாலும் ஒரு வரிகூடப் புரிவதில்லை. என் ஆங்கிலம்தான் மோசமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

உங்கள் ஆங்கிலத்தின் மேல் பழி போடாதீர்கள், அமெரிக்கர்களுக்கும் அதே கதிதான். ஸ்டைப் வார்த்தைகளை வாய்க்குள்ளேயே மென்றார், குரலைக் கிட்டாருக்கு மேலே தூக்கி வைக்கவும் இல்லை. 1988-இல் 'கிரீன்' ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டின் வரிகளை அச்சிட்டார்கள், எல்லாப் பாட்டின் வரிகளும் அச்சானது 1998-இல் 'அப்' ஆல்பத்தில்தான். எனக்கென்னவோ அந்த முணுமுணுப்புக் காலம்தான் பிடிக்கிறது.

கேள்வி: குழு உடைவதற்கு முக்கால்வாசி காரணம் பணம் என்கிறார்கள். ஆர்.ஈ.எம். இதை எப்படிச் சமாளித்தது?
– ஒரு வாசகர், மதுரை

ஆரம்பத்திலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். பாட்டை யார் எழுதினாலும் பெரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நாலு பெயரும் போடுவது, வருமானம் சமமாகப் பிரிவது. அதோடு எந்த முடிவானாலும் ஒருவர் வேண்டாம் என்றால் அது நடக்காது. பாடகர்தானே முகம், டிரம்ஸ் அடிப்பவருக்கு எதற்கு அதே பங்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெரி கொண்டுவந்த மெட்டுதான் அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டான 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்'. 1988-இல் வார்னர் நிறுவனத்தோடு ஒப்பந்தம், 1996-இல் அதையே புதுப்பித்தபோது 8 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அந்த அளவு பணம் வந்தபிறகு பங்கு பேச உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருச்சிக்காரர் இந்தப் பதிலையும் படிக்கட்டும், முதல் மேடைக்கு முன்பே நாலு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கேள்வி: ஆர்.ஈ.எம்.மின் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டு வீடியோவில் நம் ஊர் சாமி படம் மாதிரி காட்சிகள் வருகின்றனவே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். காலண்டர் சாமி படங்களின் நிறத்தையும், ஐரோப்பிய ஓவியங்களையும், கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் கிழட்டுத் தேவதைக் கதையையும் ஒன்றாகக் குழைத்தார். 1991-இல் எம்டிவி விருதுகளில் அது ஆறு வாங்கியது. பாட்டின் மேண்டலின் மெட்டு, பக் புதிதாக அந்த வாத்தியத்தைக் கற்றுக்கொண்டிருந்தபோது டி.வி. பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்ததில் கிடைத்ததாம்.

கேள்வி: கடைசியில் சண்டை போட்டுத்தானே பிரிந்தார்கள்?
– ஒரு வாசகர், சேலம்

இல்லை. 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே பெரிக்கு மூளை ரத்தக்குழாயில் கோளாறாகி, அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து வந்து வாசிக்கவும் செய்தார், ஆனால் 1997-இல் போதும் என்றார். நான் போனால் குழு கலையும் என்றால் போகவில்லை என்று நிபந்தனையும் வைத்தார்! மற்ற மூவரும் தொடர்வதாகச் சொன்ன பிறகே ஏதென்ஸ் பக்கத்தில் விவசாயம் பார்க்கப் போனார். மூன்று பேரும் 2011 வரை இழுத்தார்கள். அந்தக் கடைசி ஆல்பங்களில் நல்ல பாட்டுகள் உண்டு, ஆனாலும் பெரி இல்லாத குறை காதுக்குத் தெரிகிறது. 2011 செப்டம்பர் 21 அன்று கலைக்கிறோம் என்று அறிவித்தார்கள், வழக்கு இல்லை, பேட்டியில் குத்தல் இல்லை. பணத்துக்காக மறுபடி கூடுகிற சுற்றுப்பயணமும் இல்லை. 2024 ஜூனில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் கேட்ட அதே பாட்டுதான்.