முன்னால் ஓடுகிற பெண்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய ஸ்ரீராம் சிங்கைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். என்னிடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி 800 மீட்டர் ஓடுகிறாள். கிளம்பினதும் அவள்தான் முன்னால். 600 மீட்டர் வரை யாரும் கிட்ட வர முடியாது. அதன் பிறகு இரண்டு பேர், சில நாள் மூன்று பேர் தாண்டிவிடுகிறார்கள். ‘முதல் ரவுண்டில் அடக்கி ஓடு’ என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அவளுக்கு வரவில்லை. மாண்ட்ரியலில் ஸ்ரீராம் சிங் செய்ததும் இதுதானே? பாதி தூரம் முதலிடம், முடிவில் ஏழாமிடம். அடக்கி ஓடியிருந்தால் நாட்டுக்கு ஒரு பதக்கம் கிடைத்திருக்கும். அந்த ஓட்டத்தை நீங்கள் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்று: அந்தப் பெண்ணின் வீட்டில் ‘பிளஸ் டூ வந்தால் ஓட்டமெல்லாம் போதும்’ என்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பதக்கம் கிடைத்திருக்குமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதியில் கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டொரேனா 1 நிமிடம் 43.50 நொடியில் ஜெயித்தார். உலக சாதனை. பெல்ஜியத்தின் இவோ வான் டாம் 1:43.86, அமெரிக்காவின் ரிக் வோல்ஹூட்டர் 1:44.12. ஸ்ரீராம் சிங் 1:45.77. வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவே 1.65 நொடி. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 12 மீட்டர். அவர் அதுவரை வாழ்க்கையில் ஓடிய எந்த ஓட்டமும் அந்த இடைவெளியை மூடியிருக்காது. அன்று அவர் ஓடியதுதான் அவருடைய ஆகச் சிறந்த நேரம். ஆசியாவிலேயே அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

உங்கள் கணக்கில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் 400 மீட்டரை அவர் 50.85 நொடியில் கடந்தார், அடுத்த 400க்கு ஏறக்குறைய 55 நொடி ஆயிற்று. நாலு நொடி வித்தியாசம் அதிகம்தான். லண்டனில் 2012இல் டேவிட் ருடிஷா 1:40.91 என்று உலக சாதனை படைத்தபோதுகூட முதல் பாதி 49.28, மறுபாதி 51.63. ஸ்ரீராம் ஒரு நொடி நிதானித்துப் போயிருந்தால் அரை நொடி மிச்சப்பட்டிருக்கலாம். நாலாவதாக வந்த ஜெர்மானியர் வூல்பெக்கின் நேரம் 1:45.26. ஆக, மிஞ்சிப்போனால் நாலாமிடம். பதக்கத்தை அவர் வீணடித்தார் என்பது மட்டும் உண்மை இல்லை.

ஆனால் அந்த வேகம் வேறு இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, ஹுவான்டொரேனாவை உலக சாதனைக்குக் கொண்டு சேர்த்தது. பழைய சாதனை இத்தாலியின் ஃபியாஸ்கொனாரோ 1973இல் ஓடிய 1:43.7. முந்தியது வெறும் பத்தில் இரண்டு பங்கு நொடி. முதல் பாதி மெதுவாகப் போயிருந்தால் அது நடந்திருக்காது. ஸ்ரீராம் கொடுத்த வேகம்தான் காரணம் என்று ஹுவான்டொரேனாவே பிறகு சொல்லியிருக்கிறார். இரண்டாவது, இந்திய சாதனை. 2018 ஜூனில் குவாஹாட்டியில் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடும்வரை 42 ஆண்டுகள் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. ஒலிம்பிக் இறுதிக்கு வந்த எட்டுப் பேருக்கு நடுவே, கடைசிவரை தாங்க முடியாத வேகத்தில் கிளம்பியதால் வந்த சாதனை அது. ஊரில் தனியாக ஓடி ஜெயித்திருந்தால் வந்திருக்காது.

அப்புறம், அவருடைய ஓட்ட வாழ்க்கையை மாண்ட்ரியலை மட்டும் வைத்து அளக்காதீர்கள். ராஜ்புதானா ரைபிள்ஸ் படைப்பிரிவிலிருந்து வந்தவர் அவர். பயிற்சியாளர் இலியாஸ் பாபர். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் பர்மாவின் ஜிம்மி கிராம்ப்டனிடம் தங்கத்தைப் பறிகொடுத்து வெள்ளி வாங்கினார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதல் கட்டத்தோடு வெளியேறினார். அன்றைக்கு யாராவது ‘போதும், படையில் வேலை இருக்கிறது, அதைப் பார்’ என்று சொல்லியிருந்தால் அது தப்பாகத் தோன்றியிருக்காது. 1974இல் தெஹ்ரானில் ஆசியத் தங்கம். 1976இல் மாண்ட்ரியல். 1978இல் மறுபடி தங்கம். 1980 மாஸ்கோவில் அரையிறுதி வரை போனார். முழுதாகப் பத்து ஆண்டுகள். 800 மீட்டர்க்காரர் பழுப்பதற்கு அத்தனை காலம் பிடிக்கிறது. உங்கள் மாணவி இப்போதுதான் பத்தாம் வகுப்பு.

அந்தப் பெண்ணுக்கு ஸ்ரீராமைவிடப் பொருத்தமாக எனக்கு ஞாபகம் வருகிறவர் 800 மீட்டர் வீராங்கனை டின்டு லூக்கா. கோழிக்கோட்டில் பி.டி. உஷாவின் தடகளப் பயிற்சிப் பள்ளியில் சிறுமியாகச் சேர்ந்து வளர்ந்தவர். அவருக்கும் முன்னால் ஓடத்தான் தெரியும். 2010 குவாங்ஜோ ஆசிய விளையாட்டில் முன்னால் போய், கடைசி நேரத்தில் இரண்டு பேர் தாண்டிப்போக வெண்கலம் வாங்கினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது. உங்களை மாதிரியே அன்று பலரும் சொன்னார்கள்: பின்னால் இருந்து ஓடப் பழக வேண்டும் என்று. ஆனால் அதே 2010இல், குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில், அதே பாணியில்தான் 1:59.17 ஓடித் தேசிய சாதனையை எடுத்தார். அவர் முறியடித்தது ஷைனி வில்சன் 1995இல் நம் சென்னையில் ஓடிய 1:59.85. இரண்டு நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண் ஷைனி. டின்டு 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார், 2015இல் ஆசியச் சாம்பியன் ஆனார். முன்னால் ஓடும் பழக்கத்தை விட்டுவிட்டு அவர் அங்கே போய்ச் சேரவில்லை. கடைசி 200 மீட்டரில் வேகம் குறைவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார்.

உங்கள் மாணவிக்கும் வேலை அந்த 200 மீட்டரில்தான். அந்த இடத்தில் அவளைத் தாண்டுகிறவர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். அநேகமாக இல்லை. 800 மீட்டரின் கடைசியில் எல்லோருக்கும்தான் கால் கட்டிக்கொள்கிறது, எல்லோரும்தான் வேகம் குறைகிறார்கள். குறைவாகக் குறைகிறவர் ஜெயிக்கிறார். ஹுவான்டொரேனாவும் மறுபாதியை முதல் பாதியைவிட மெதுவாகத்தான் ஓடினார். இதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பயம் பாதியாகும்.

பயிற்சி அட்டவணையில் உங்களுக்குத் தெரிந்தது அதிகம். என் ஆசை ஒன்றுதான்: ‘முன்னால் போகாதே’ என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். முன்னாலேயே போகட்டும், ஆனால் முதல் 400ஐ எத்தனை நொடியில் கடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். 200 மீட்டர் தாண்டும்போது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக நேரம் சொல்லுங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இப்போது எட்டு நொடி என்றால், அடுத்த வருஷம் ஐந்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். 800 மீட்டருக்கான சக்தியில் பாதிக்கு மேல் மூச்சுக்காற்றின் வழியாக வருவது. அதனால் வேகப் பயிற்சியைக் கூட்டுவதைவிட, வாரத்தில் சில காலைகள் நிதானமான நீண்ட ஓட்டம் அவளுக்கு அதிகம் உதவும்.

இன்னொன்றையும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைகளில் இரத்தசோகை மிகச் சாதாரணம். 600 மீட்டரில் துவண்டுபோவதற்குக் காரணம் ஓடும் முறையாக இல்லாமல் இரும்புச் சத்தாகவும் இருக்கலாம். பள்ளியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு போகிறாளா என்று கேளுங்கள்.

வீட்டாருக்கு என்ன சொல்வது? ஓடினால் வேலை நிச்சயம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உறுதி இல்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் ஆள் எடுக்கிறது. மாநில, தேசிய அளவில் சான்றிதழ் இருந்தால் அந்தக் கதவுகள் திறக்கலாம், அவ்வளவுதான். தேவகோட்டையில் பிறந்த சார்லஸ் பொரோமியோவைப் பற்றிச் சொல்லுங்கள். ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீலில் வேலை பார்த்துக்கொண்டே, ஸ்ரீராமின் அதே பயிற்சியாளரிடம் கற்று, 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் வென்றவர். ஆண்கள் 800 மீட்டரில் அடுத்த இந்தியத் தங்கத்துக்கு 2018இல் மன்ஜித் சிங் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு முன்னால் ஒருவர் அங்கே போயிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

படிப்பை விடச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் காலையில் ஒரு மணி நேரம், தேர்வு மாதங்களில் அதுவும் பாதி. இதை மட்டும் கேளுங்கள். முடிந்தால் அவள் அம்மாவை ஒருமுறை மைதானத்துக்கு அழைத்து வந்து ஓட்டத்தைப் பார்க்க வையுங்கள்.

அடுத்த மண்டலப் போட்டியில் அவளுடைய இரண்டு பாதிகளின் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்