கையில் மிச்சம் பென்சில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பள்ளி நூலகமும் என் பொறுப்புதான். நூலகம் என்றால் இரண்டு இரும்பு பீரோ, ஒரு நீளப் பாய். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாயை விரித்துப் பிள்ளைகளிடம் புத்தகங்களைக் கொடுத்துவிடுவேன். பரமார்த்த குரு கதைக்கு மட்டும் அடிதடி. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய், இப்போது குதிரை முட்டையிலிருந்துதான் புத்தகமே ஆரம்பிக்கிறது. தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் வாங்கிய பளபளப்போடு அப்படியே இருக்கின்றன.

போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பையனின் அப்பா எழுந்து, "முட்டாப் பயலுவ கதையப் படிச்சு புள்ளைக்கு என்ன டீச்சர் வரப்போவுது?" என்று கேட்டுவிட்டார். "முதல்ல சிரிப்புக்காகப் படிக்கட்டும், அப்புறம் நல்ல புத்தகத்துக்கு வந்திருவான்" என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியான பதில்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. நகைச்சுவை என்பது வெறும் தூண்டில் புழுதானா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிரிப்புக் கதை என்று கடையில் கிடைப்பதில் பாதி, குண்டாக இருப்பவனையும் திக்குவாய்க்காரனையும் கேலி செய்கிறது. அடுத்த மாதம் புத்தகம் வாங்கக் கொஞ்சம் பணம் வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

—

அன்புள்ள டீச்சர்,

அந்த அப்பாவிடம் அடுத்த கூட்டத்தில் ஒன்று சொல்லிப் பாருங்கள். பரமார்த்த குரு கதையே ஒரு பாடப்புத்தகம்தான். இத்தாலியில் பிறந்து இங்கே வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், தமிழ் படிக்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார்கள் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் உரைநடையில் பழகட்டும் என்று 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது அது. லத்தீனிலும் அவரே எழுதிவைத்தார். 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு அதை லண்டனில் அச்சுப் போட்டார். சதுரகராதி தொகுத்தவர், செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதியவர், அவருக்குத் தெரியாத நீதியா? ஆனாலும் வாசிப்புப் பயிற்சி என்று வந்தபோது மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்களைத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இப்படி ஒன்று நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கத் திணறுவதற்கு அவர்கள் கையில் கொடுக்கும் புத்தகங்களின் சலிப்பும் ஒரு காரணம் என்று எழுத்தாளர் ஜான் ஹெர்சி 1954-ல் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். அதைத் தொடர்ந்து ஒரு பதிப்பாளர், டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதிவந்த தியோடர் கெய்சலிடம் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதற்குள் ஒரு கதை வேண்டும் என்றார். 1957-ல் வந்தது தொப்பிக்காரப் பூனையின் கதை. மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள். அம்மா வெளியே போயிருக்கும் மழை நாளில் ஒரு பூனை வந்து வீட்டைத் தலைகீழாக்கி, அம்மா வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுப் போய்விடுகிறது. அம்மா கேட்டால் நீ சொல்வாயா, என்ன செய்வாய் என்ற கேள்வியில் கதை முடிகிறது. பதிலை ஆசிரியர் சொல்வதில்லை.

இதெல்லாம் உங்கள் தூண்டில் புழுவுக்குத்தானே சாட்சி என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்தப் பதிலில் சம்மதமில்லை. 'அப்புறம் நல்ல புத்தகத்துக்கு வந்திருவான்' என்றீர்கள். அவன் ஏற்கெனவே வந்துதான் உட்கார்ந்திருக்கிறான்.

குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான் ஒரு சீடன். சுர்ரென்று சத்தமும் புகையும் வருகின்றன. ஐயோ, விழித்திருக்கிறது என்று ஓடிவருகிறான். கொஞ்ச நேரம் கழித்து அதே கட்டையை, அணைந்துபோன கட்டையை, மறுபடியும் தண்ணீரில் வைக்கிறான். சத்தமே இல்லை. நல்ல தூக்கம்! எல்லாரும் பூனைநடை போட்டுக் கடக்கிறார்கள். அக்கரையில் ஒருவன் தலைகளை எண்ணுகிறான், தன்னை விட்டுவிட்டு. ஐந்துதான் வருகிறது. ஆறு பேரில் ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி கிளம்புகிறது.

இந்த இடத்தில் சிரிப்பு வரவேண்டுமானால் படிக்கிற பிள்ளை என்னென்ன செய்திருக்கவேண்டும் என்று பாருங்கள். ஆறு பேர் என்ற சரியான கணக்கு மனதில் இருக்கவேண்டும். சீடன் போடும் தப்புக் கணக்கையும் கூடவே போட்டுக்கொண்டு வரவேண்டும். எங்கே பிசகுகிறது என்று பிடிக்கவேண்டும். அது அந்தச் சீடன் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று அவன் நிற்கும் இடத்தில் நின்றும் பார்க்கவேண்டும். இத்தனையும் ஒரு நொடியில் நடக்கிறது. ஒரு தலைவர் பிறந்த ஊரையும் ஆண்டையும் அரைகுறையாகப் புரிந்துகொண்டே ஒப்பித்துப் பரிசு வாங்கிவிடலாம். புரியாமல் சிரிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறானே என்று கூடச் சேர்ந்து சிரிப்பது உண்டுதான், ஆனால் அந்தச் சிரிப்பு எது என்று டீச்சர் காதுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், காலையில் எழுந்தது முதல் அந்தப் பிள்ளைக்கு எதிரில் அவனைவிட அதிகம் தெரிந்த யாராவது ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். அப்பா, நீங்கள், டியூஷன் அக்கா, வேன் டிரைவர்கூட. பரமார்த்த குருவிடம் வரும்போதுதான் குருவைவிட அவனுக்கு அதிகம் தெரியும். 'டேய், உன்னையும் சேத்து எண்ணுடா' என்று மனதுக்குள் கத்தும் உரிமை அங்கே கிடைக்கிறது. அதற்கு அடிதடி நடக்காமல் வேறு எதற்கு நடக்கும்?

முதல் சில பக்கங்கள் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தில் முதலில் வருவது இந்த ஆற்றுக் கதைதான். குதிரை முட்டை அதற்கு அடுத்தது. ஆக, உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் இந்தக் கதை கிடைக்கவில்லை. வருகிற பணத்தில் முதல் செலவு ஒரு புதுப் பிரதியாக இருக்கட்டும். கணக்கு டீச்சரின் பீரோவில் எண்ணத் தெரியாத சீடன் இல்லாமல் இருக்கலாமா?

கணக்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வங்காளத்தில் சத்யஜித் ராயின் அப்பா சுகுமார் ராய் 'ஹ ஜ ப ர ல' என்று ஒரு கதை எழுதினார். வெயிலில் மரத்தடியில் படுத்திருக்கும் பையன் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் போனால் அது 'மியாவ்' என்கிறது. பூனையாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை சிலேட்டில் பெருக்கல் போடுகிறது. ஏழிரண்டு பதினாலு. நாலு போட்டு, கையில் மிச்சம் பென்சில். 'நாலு போட்டு, கையில் ஒன்று' என்று தினமும் சொல்லும் பிள்ளைதான் இதற்கு உருண்டு சிரிக்கும். இன்னும் பெருக்கலுக்கே வராத ஒன்றாம் வகுப்புக் குழந்தை பேசாமல் உங்கள் முகத்தைப் பார்க்கும். நாளைக்கே வகுப்பில் சொல்லிப் பாருங்கள். கைமிச்சம் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று தேர்வு வைக்காமலே தெரிந்துவிடும்.

சுகுமார் ராய் 1923-ல் காலா அசார் நோயில் 35 வயதில் இறந்துபோனார். அவருடைய வேடிக்கைப் பாடல்களின் தொகுப்பான 'ஆபோல் தாபோல்' அடுத்த சில நாட்களில் வெளிவந்தது. படுக்கையில் கிடந்தபடியே அதற்கான வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதில் சிரிக்கவே கூடாது என்று விதிக்கப்பட்ட ஒரு பிராணியின் குஞ்சுகள் வருகின்றன. எங்காவது யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே அவற்றின் பொழுது போகும். அந்த இனம் வங்காளத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. சிறுவர் நூல்களுக்கான தேர்வுக் குழுக்களில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டு உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். தட்டில் எட்டு லட்டு, கிட்டுவுக்கு நாலு, பட்டுவுக்கு நாலு, தட்டு காலி. அவ்வளவுதான் பாட்டு. 'அளவோடு உண்ணுங்கள்' என்று கடைசியில் ஒரு வரி கிடையாது. இன்றைக்கு ஒருவர் எழுதினால் பல் துலக்குவதில் கொண்டுவந்து முடிக்காமல் விடமாட்டார். நம் சிறுவர் நூல்களில் பெரும்பாலும் இதுதான் வியாதி. பிள்ளை சிரித்து முடிப்பதற்குள் பெரியவர் ஒருவர் உள்ளே வந்து 'இதிலிருந்து நாம் அறிவது யாதெனில்' என்று ஆரம்பித்துவிடுகிறார். சிரித்தபோது அறியாத எதை அப்போது அறியப்போகிறான்?

அந்த அப்பாவின் கேள்விக்கு அடியில் வேறொரு பயமும் இருக்கலாம். குருவைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவன் நாளைக்கு என்னைப் பார்த்தும் சிரிப்பானே? சிரிப்பான்தான். இந்தப் பயம் எல்லா ஊரிலும் உண்டு. ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதிய பிப்பி என்ற சிறுமியின் கதை 1945-ல் வந்தபோது பிள்ளைகள் கொண்டாடினார்கள். மறு ஆண்டே யோன் லாண்ட்குவிஸ்ட் என்ற பேராசிரியர் பத்திரிகையில் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிப்பி பள்ளிக்குப் போகும் இடத்தைப் படித்தால் ஏன் என்று புரியும். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று டீச்சர் கேட்கிறார். உங்களுக்கே தெரியாவிட்டால் நான் சொல்லித்தருவேன் என்று நினைக்காதீர்கள் என்கிறாள் பிப்பி. பன்னிரண்டு என்று டீச்சரே சொல்லிவிட்டு, எட்டும் நாலும் எவ்வளவு என்கிறார். அதுவும் பன்னிரண்டு என்று தெரிந்ததும் பிப்பிக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று இப்போதுதானே சொன்னீர்கள், பள்ளிக்கூடம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? இதைப் படித்து எந்தப் பிள்ளையும் கூட்டலை மறந்ததாகத் தெரியவில்லை. டீச்சர்களைப் பார்த்துக் கொஞ்சம் பயம் போயிருக்கலாம். அதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் இன்னொரு கேள்விதான் கடினமானது.

அத்திரிபாச்சா கொழுக்கட்டைக் கதை தெரியும்தானே? மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறந்துவிடாமல் இருக்க 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வழியில் ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா' என்று தாண்டுகிறான். கரையில் கால் பட்டதும் கொழுக்கட்டை போய், அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொள்கிறது. இதுவரை அபாரமான கதை. வாயில் வைத்துச் சொல்லவே சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து கொடு என்கிறான், மனைவி விழிக்கிறாள், அடிக்கிறான், நெற்றி வீங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறதே என்றதும், 'அதேதான்!' என்கிறான்.

தலைமுறை தலைமுறையாகச் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அம்மாவின் நெற்றி வீங்கிப் பார்த்தவர்கள் சிலராவது இருப்பார்கள். நான் சொல்லும்போது கதையைத் திருப்பிவிடுவேன். அவள் பணியாரம் சுடுகிறாள், இது இல்லை என்று தின்கிறான். ஆப்பம், இடியாப்பம், அதிரசம், எல்லாவற்றையும் இது இல்லை, இது இல்லை என்றே தின்று தீர்க்கிறான். கடைசியில், போய் எங்கம்மாவையே கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவள் துரத்த, ஓடுகிறவன் அதே வாய்க்காலில் வழுக்கி விழுந்து தன் நெற்றியிலேயே கொழுக்கட்டையோடு எழுந்திருக்கிறான். சிரிப்பு குறைந்ததாக இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை. இடியாப்பத்தையும் தின்னும் இடத்தில் கூடுதலாகவே சிரிக்கிறார்கள்.

ஊர்க்கதையில் இப்படிக் கைவைக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை, சொன்னவர்கள் எல்லாரும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் எழுதிய புத்தகம் அப்படியல்ல. ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டாலின் புத்தகங்களில் குண்டு போன்ற சொற்களைப் பதிப்பகம் மாற்றியதாக 2023-ல் பெரிய சண்டை வந்து, கடைசியில் மாற்றாத பழைய வடிவத்தையும் தனியாக விற்போம் என்று அறிவித்தார்கள். அதுதான் சரி. பிடிக்காத புத்தகத்தை வாங்காமல் விடலாம், இறந்துபோனவர் வாயில் நம் சொல்லைத் திணிக்கவேண்டாம்.

கடையில் நின்று புத்தகத்தைப் புரட்டும்போது ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். இதை வெள்ளிக்கிழமை கொடுத்தால் திங்கட்கிழமை யாருக்காவது புதுப் பட்டப்பெயர் விழுமா? பரமார்த்த குருவைப் படித்தாலும் விழும்தான், ஒருவனை மட்டி என்பார்கள். ஆனால் மட்டிப் பட்டம் இன்றைக்கு அவனுக்கு, நாளைக்கு இன்னொருவனுக்கு என்று வகுப்பைச் சுற்றிவரும். திக்குவாய்ப் பட்டம் ஒரே பிள்ளையின் மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. வாரப் பத்திரிகைகளில் வந்த டாக்டர்-நர்ஸ், கணவன்-மனைவி துணுக்குகளைத் தொகுத்து அட்டையில் கோமாளி படம் போட்டு 'சிறுவர் சிரிப்பு' என்று விற்கிறார்கள். அதை ஒதுக்கிவிடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு மாமியாரைப் பற்றி என்ன தெரியும்?

வாங்கியதில் ஒன்றை வாரம் ஒருமுறை நீங்களே சத்தமாக வாசியுங்கள். சிரிக்காதவனிடம் 'ஏன், புரியலையா?' என்று கேட்டு விளக்கவேண்டாம், பக்கத்துப் பையன் உங்களைவிட நன்றாக விளக்கிவிடுவான். ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் ஆரம்பித்துவிடுங்கள், வெறும் துணுக்குகளும் முட்டாள் கதைகளும் மட்டும். முதல் இதழில் பாதி கடி ஜோக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும். சுவரில் ஒட்டுவதற்கு முன் ஒருதடவை முழுதாகப் படித்துவிடுங்கள், தலைமையாசிரியர் எப்படியும் ஏதாவது ஒரு துணுக்கில் வந்திருப்பார்.

அன்புடன்.