செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சின்ன ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம். ஆனால் படத்தில் தெரிவது தண்ணீர் பரவியிருக்கும் பரப்பு மட்டும்தான். ஆழம் தெரியாமல் கொள்ளளவு கிடைக்காது. பரப்பு பாதியானால் தண்ணீரும் பாதியாகிவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். கிண்ணம் போன்ற ஏரியில் பரப்பு பாதியாகும்போது தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருக்கும்.

பரப்பை எடுப்பது இன்று சுலபம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகின்றன, படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 10 மீட்டர். தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிவிடும், பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண் தரும் குறியீடுதான் என்டிடபிள்யூஐ (NDWI). 1996-ல் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் தந்தது. அந்த எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் தண்ணீர் என்பது பொது வழக்கம். கலங்கல் தண்ணீருக்கும் கரையோரச் சேற்றுக்கும் அது சரிப்படாது, ஏரிக்கு ஏரி பார்த்து அந்தப் பூஜ்யத்தை மாற்ற வேண்டும்.

ஏரி எவ்வளவு சின்னது என்பதும் முக்கியம். பக்கத்துக்கு நூறு மீட்டர் உள்ள சதுர ஏரி சென்டினல்-2 படத்தில் நூறு பிக்சல்; அதில் 36 ஓரத்தில் விழும், அங்கே நிலமும் தண்ணீரும் கலந்துவிடலாம். 30 மீட்டர் பிக்சல் கொண்ட அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் மொத்தமே பதினொன்றுதான், பெரும்பாலும் பாதி நிலம், பாதி தண்ணீர். ஒரு ஹெக்டேர் ஏரிக்கு லேண்ட்சாட்டை நான் நம்பமாட்டேன். பெரிய ஏரிகளின் பழைய கதையைப் பார்க்க மட்டும் அதை விட்டால் வேறு வழியில்லை. 1980-களிலிருந்தே அந்தப் படங்கள் கிடைக்கின்றன.

மழைக்காலத்தில் மேகம் மறைத்தால், மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் கைகொடுக்கும். அசையாத தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும்; காற்றடித்து அலை எழுந்தால் நிலம்போல் ஏமாற்றும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியோ எந்தப் படத்திலும் சுருங்கியதாகவே தெரியும்.

இனி கொள்ளளவு. நிரம்பிய ஏரி வற்றும் பருவம் முழுக்க, படம் எடுக்கப்படும் நாளில் மதகருகே உள்ள அளவுகோலில் மட்டத்தைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் தெரியும் கரைக்கோடு அன்றைய மட்டத்துக்கான சமஉயரக்கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. 2.5 மீட்டர் மட்டத்தில் 4 ஹெக்டேர், 2 மீட்டரில் 3 ஹெக்டேர் என்றால் சராசரி 3.5 ஹெக்டேர், அரை மீட்டரால் பெருக்கினால் அந்த அடுக்கில் 17,500 கன மீட்டர். அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டே போனால் அந்த ஏரிக்கென்றே ஒரு அட்டவணை கிடைத்துவிடும். அடுத்த பருவத்தில் படம் மட்டும் போதும்.

பெரிய அணைகளுக்குத் தினமும் அளவு எழுத ஆள் இருக்கிறது. சின்ன ஏரிகளைக் கேட்பாரில்லை. அதனால்தான் இந்த ஒரு பருவ உழைப்பை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கடைசிப் படத்தின் கரைக்கோட்டுக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் வராது. ஏரி வற்றியதும் இறங்கி அந்தப் பள்ளத்தை அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டல் சேரச் சேர அட்டவணையும் பழசாகும். தூர்வாரினாலோ பெருவெள்ளம் வந்துபோனாலோ புதிதாகப் போட்டுவிடுங்கள்.