காலி மனையில் கூட்டுத் தோட்டம்: குத்தகை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: குத்தகை கேட்டோம், உரிமம்தான் தருவோம் என்கிறது நகராட்சி. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. குத்தகையில் குறிப்பிட்ட காலத்துக்கு நிலத்தின் அனுபோகம் உங்களுக்கு. உரிமம் உள்ளே போய்ப் பயிரிட அனுமதி மட்டும். பெரும்பாலும் அதை எளிதில் ரத்து செய்துவிடலாம். பத்திரத்தின் தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஷரத்துகளைப் படியுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டாயிற்று, அடுத்த வாரம் விதைப்பு. மண் பரிசோதனை அவசியமா?

கையெழுத்துப் போட்ட பிறகா இதைக் கேட்பது? அந்த மனையில் முன்பு என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. பழைய பெயின்ட் அடித்த கட்டடம், ஒர்க்‌ஷாப், பெட்ரோல் பங்க், எது இருந்திருந்தாலும் மண்ணில் ஈயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. பத்து இடங்களில் சுமார் 15 செ.மீ. ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, கன உலோகச் சோதனைக்குக் கொடுங்கள். உரச்சத்துச் சோதனை இதைக் காட்டாது. முடிவு வரும்வரை விதைக்க வேண்டாம். ஈயம் அதிகமென்றால் அடியில் மண்தடுப்புத் துணி (ஜியோடெக்ஸ்டைல்) விரித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து 30 செ.மீ. உயரப் பாத்தி கட்டுங்கள். கீரையும் கிழங்கும்தான் அதிக ஆபத்து. தக்காளி போன்ற காய்களில் குறைவு.

கேள்வி: ஓராண்டுக் குத்தகை, ‘தேவைப்படும்போது காலி செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி. வாடகை பெயருக்குத்தான். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த ஒரு வரியால் அழிந்த தோட்டங்களை நிறையப் பார்த்துவிட்டேன். நான் இருந்த ஒரு குழு, இடிபாட்டுக் கல்லைப் பொறுக்கி எறியவே ஒரு பருவத்தைச் செலவழித்தது. மூன்றாம் ஆண்டு மண் கறுத்து, மண்புழு வந்தது. அந்த ஆண்டுதான் காய் பிஞ்சாக இருக்கும்போது காலி செய்யச் சொன்னார்கள். நட்டஈடு கேட்டோம், ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். உண்மைதான், இல்லை.

நியூயார்க்கில் பாழ்மனைகளை மக்களே தோட்டமாக்கினார்கள். 1978இல் நகரம் அதற்கென்று தனித் திட்டமே தொடங்கி, பல மனைகளை ஆண்டுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. 1999இல் அதே நகரம் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. அறக்கட்டளைகள் பணம் கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. வாடகை மலிவு என்பது பாதுகாப்பு ஆகாது.

இங்கிலாந்தில் மக்கள் பயிரிட வாடகைக்குக் கிடைக்கும் சிறு தோட்டத் துண்டுகளுக்கென்று (allotment) உள்ள சட்டத்தைப் பாருங்கள். காலி செய்யச் சொல்ல பொதுவாக 12 மாத நோட்டீஸ் தர வேண்டும். அதுவும் ஏப்ரல் 6க்கும் செப்டம்பர் 29க்கும் நடுவில் முடியக் கூடாது. பயிர் நிற்கும் காலம் அது என்பதுதான் காரணம். நீங்களும் இப்படிக் கேளுங்கள்: குறைந்தது 5 ஆண்டு, அறுவடை முடிந்த பிறகே வெளியேற்றம், பாத்திக்கும் வேலிக்கும் இழப்பீடு. வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: இடம் ரொம்பப் பெரியது. எத்தனை குடும்பங்களைச் சேர்க்கலாம்?

‘ரொம்பப் பெரியது’ என்பது அளவா? சதுர மீட்டரில் எழுதுங்கள். பாதை, கொட்டகை, உரக்குழிக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, குடும்பத்துக்கு 15 சதுர மீட்டர் என்று கணக்கிடுங்கள். ஆறு மணி நேர வெயில் படாத மூலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் இணைப்பு பிறகு தருவதாகச் சொல்கிறார்கள்.

யார் செலவில், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். வெயில் காலத்தில் 100 சதுர மீட்டருக்குத் தினம் 500 லிட்டர் வரை பிடிக்கும். குடத்தில் சுமந்து சமாளிக்க முடியாது.

கேள்வி: தனியார் மனை உரிமையாளரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வரிச்சலுகை இருந்தால் பேச்சு எளிது. கலிஃபோர்னியாவில் 2013இல் வந்த சட்டப்படி, திட்டத்தை ஏற்ற நகரங்களில் 5 ஆண்டு விவசாயத்துக்கு ஒதுக்கினால் சொத்து வரி குறையும். உங்கள் ஊரில் அப்படி ஏதும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம், விபத்துக்கான காப்பீடு குழுவின் பொறுப்பு என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அவர்கள் தயங்குவது பெரும்பாலும் அதற்குத்தான்.

கேள்வி: விளைச்சலை விற்கலாமா?

ஒப்பந்தத்தில் அனுமதி இருந்தால் விற்கலாம். இதையும் எழுத்தில் வாங்குங்கள்.